ஒரு ஆளுக்கும் சேதமில்லை

அப்பா,

சிட்னியில், நம் கெல்லிவில் பக்கம் இந்த வருஷம் குளிர் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. நேற்றுக் காலை கம்பளி உடைகளை எடுக்கலாமென்று கராஜில் இருந்த பெரிய சூட்கேஸைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நான்தான் போட்டு வைத்திருக்கிறேன். போட்டதே நினைவில் இல்லை. பின்னால் நின்ற மித்ரா, "அம்மா, தாத்தா ஸ்மெல்" என்றாள். அவ்வளவுதான். கையில் பிடித்த ஸ்வெட்டரோடு சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் அவளுடைய அப்பாவைக் கூப்பிட ஓடினாள்.

வாழ்நாள் முழுக்க நீங்கள் அப்படித்தான் மணத்தீர்கள். நம் ஊர் அரண்மனையை அருங்காட்சியகம் ஆக்கிய பிறகு, அதன் வேட்டைக் கூடத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தீர்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பாடம் செய்த புலிகள் பதினொன்று. ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் துணியில் முடிந்த அந்துருண்டை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் அந்த வாசனை உங்களை விட்டுப் போகாது. அம்மா உங்கள் காக்கிச் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கூடத்துக்குத்தான் வருவேன். பெரிய புலியின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பார்வையாளர்கள் உள்ளே நுழைந்தால் நீங்கள் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வீர்கள். உடனே உங்கள் குரலே மாறிவிடும். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் கணீரென்று ஆரம்பிப்பீர்கள். பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு பெரிய புகைப்படம் தொங்கும். நடுவில் துப்பாக்கியோடு மகாராஜா, அவர் காலடியில் செத்த புலி, இரண்டு பக்கமும் தொப்பி வைத்த வெள்ளைக்கார விருந்தாளிகள், பின்னால் இரண்டு யானைகள். அதைக் காட்டிச் சொல்வீர்கள்: "மகாராஜா சுட்டதிலேயே பெரிய புலி இதுதான். இருநூறு பேர் காட்டை வளைத்து, பறையும் தகரமும் அடித்துப் புலியைக் கிளப்பினார்கள். யானைமேல் இருந்த மகாராஜா ஒரே குண்டில் சாய்த்தார். ஒரு ஆளுக்கும் சேதமில்லை."

வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அதையே இங்கிலீஷில் சொல்வீர்கள். ஆபீஸில் தட்டச்சு செய்து கொடுத்த தாளை ஒரு எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டு வைத்திருந்தீர்கள். "நாட் எ சிங்கிள் மேன் வாஸ் லாஸ்ட், சார்" என்று நீங்கள் முடிக்கும்போது நான் ஸ்டூலிலிருந்தே கைதட்டுவேன். எனக்கு அப்படியே பூரித்துப்போகும். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். "காய்ச்சல்ல போயிட்டாரு, அம்மிணி" என்றீர்கள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பிறகு நான் பார்மசி படித்தேன், கல்யாணம் ஆனது, சிட்னி வந்தேன். பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை. இங்கே யாராவது என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், "அப்பா அரண்மனையில இருந்தார்" என்பேன். அது பொய் இல்லை. ஆனால் கேட்பவர்கள் என்ன நினைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் அப்படி நினைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். இப்போது உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அம்மா போன பிறகு உங்களை இங்கே அழைத்து வந்தேன். இங்கேயும் உங்கள் துணிப்பெட்டியில் அந்துருண்டை போட்டே வைத்திருந்தீர்கள். வந்த முதல் வாரமே வீட்டில் ஒரு மெல்லிய துணியைத் தேடி எடுத்துக்கொண்டீர்கள். டிவி, ஜன்னல், மித்ராவின் மீன்தொட்டி என்று எல்லாக் கண்ணாடியையும் மேலிருந்து கீழாக, ஒரே சீராக, தினமும் துடைப்பீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவரைப் பார்த்து, "தேங்க் யூ, சார்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வீர்கள். நம் தெருவில் ஓடும் அந்த பஸ்ஸின் டிரைவர் நீங்கள் போன பிறகு ஒரு நாள் என்னைப் பார்த்து, "ஓல்டு ஜென்டில்மேன் எங்கே?" என்று கேட்டார். 

நான் எழுத உட்கார்ந்தது இதையெல்லாம் அல்ல. அந்த வெள்ளிக்கிழமையைத்தான் எழுத வேண்டும்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்காக எங்கள் பிரிவில் எல்லோரும் சேர்ந்து பரமட்டாவில் ஒரு இந்திய உணவகத்துக்குப் போனோம். மித்ராவின் அப்பாவுக்கு அன்றைக்கு மெல்பர்னில் வேலை. மித்ராவும் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். உங்களைத் தனியாக விட மனமில்லாமல் கூட்டிப் போனேன். என் மேலதிகாரி ஹெலன், யாழ்ப்பாணத்து யோகா அக்கா, இன்னும் ஐந்தாறு பேர். நாங்கள் உட்கார்ந்த மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பெரிய ஓவியம்: அம்பாரி வைத்த யானை, அதன்மேல் தலைப்பாகை கட்டிய ராஜா, கீழே பாய்கிற புலி. ராஜாக்களின் பெயரை வைத்துக் கடை நடத்துகிறவர்கள் சுவரில் மாட்டுகிற வழக்கமான படம்தான். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நீங்களோ, நான் உட்காரச் சொன்ன பிறகும் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தீர்கள்.

ஹெலன்தான் கேட்டாள், நிஜமாகவே இப்படியெல்லாம் வேட்டையாடினார்களா என்று. நான் பெருமையாகச் சொன்னேன், "என் அப்பாவைக் கேளுங்கள், அவர் அரண்மனையில் இருந்தவர்."

நீங்கள் எழுந்தீர்கள். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறிய பையன் தட்டோடு நின்றுவிட்டான். இருநூறு பேர், பறை, தகரம், ஒரே குண்டு என்று எல்லாம் சொல்லி, "நாட் எ சிங்கிள் மேன்..." என்று வந்து நின்றுவிட்டீர்கள். மறுபடியும் ஆரம்பித்தீர்கள். "நாட் எ சிங்கிள் மேன்..."  பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னீர்கள்:

"எங்கப்பன் அன்னைக்குத்தான் செத்தாரு, அம்மிணி. அந்தப் புலிதான் கொன்னுச்சு."

 எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹெலன், "என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

அந்த ஒரு நொடியில் எனக்குள் என்னென்ன ஓடியது என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். அரண்மனைக்காரரின் மகள் என்று என்னை நினைத்திருந்தவர்கள் முன்னால், என் தாத்தா காட்டில் தகரம் அடித்து, புலி வாயில் செத்தவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் சிரித்தேன், அப்பா. சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னேன்: "அந்தப் புலியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது என்கிறார்."

"ஐயோ, பாவம் அந்தப் புலி!" என்றாள் ஹெலன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அவ்வளவு அழகான பிராணியை எப்படித்தான் மனசு வந்து கொன்றார்களோ என்றார்கள். ஹெலன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு ரொம்ப இளகிய மனசு என்றாள்.

நான் சொன்ன இங்கிலீஷ் உங்களுக்குப் புரிந்திருந்தது. நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் இன்று எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு ஹெலனிடம் திரும்பித் தலையை ஆட்டினீர்கள். "எஸ், மேடம். டைகர். வெரி சேட்."

நான் சொன்ன பொய்யையும் நீங்களே தாங்கிப் பிடித்தீர்கள்.

சாப்பாடு முடிந்து கார் நிறுத்தத்துக்கு நடக்கும்போது யோகா அக்கா என் பக்கத்தில் வந்தார். "ஏன் அப்பிடி மாத்திச் சொன்னனீர்? அங்கிள் சொன்னது எனக்கு விளங்கினது" என்றார். நான், "அப்பாவுக்கு வயசாச்சுக்கா, எதையோ குழப்பிக்கிறார்" என்றேன். அவர் உங்களுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டு, "போட்டு வாங்கோ, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். 

மறுநாள் சனிக்கிழமை. நான் எழுந்து வந்தபோது நீங்களே டீ போட்டு எனக்கும் ஒரு கப் மூடி வைத்திருந்தீர்கள். நான் எதிரில் உட்கார்ந்தேன். "தாத்தா காய்ச்சல்லதானே போனாருன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்ல, அம்மிணி."

நீங்கள் சொல்லச் சொல்ல, டீ ஆறிப்போனது. ஒரே குண்டு என்று நாற்பது வருஷம் சொன்னீர்களே, அதுவும் இல்லை. முதல் குண்டு ஒரு விருந்தாளி சுட்டது. அது புலியின் இடுப்பில் பட்டு, புலி புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"அடிபட்ட புலி. யானையே கிட்டப் போகமாட்டேங்குது. யாராச்சும் உள்ள போயிக் கிளப்பணும். காடு கலைக்கிற ஆளுங்கள்ல நாலு பேரை உள்ள போகச் சொன்னாங்க. எங்கப்பன்தான் முன்னால போனாரு. கையில ஒரு தகர டப்பா, ஒரு குச்சி. வேற ஒண்ணும் கிடையாது."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"கம்பளியில வெச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. எனக்கு அஞ்சு வயசு. எங்கம்மா முந்தானையில என் மூஞ்சிய மூடிட்டா. அதனால நான் பாக்கல. சத்தம்தான் கேட்டேன்."

"என்ன சத்தம்ப்பா?"

"எங்கம்மா."

கப்பை ஓரமாக நகர்த்திவிட்டுத் தொடர்ந்தீர்கள். "அந்தப் போட்டோ அன்னைக்குச் சாயங்காலம் எடுத்தது. அந்தப் பக்கம் எங்கப்பனுக்குக் குழி வெட்டிட்டு இருக்காங்க. இந்தப் பக்கம் இவங்க போட்டோவுக்கு நிக்கிறாங்க. அதுல யாரு மூஞ்சியிலயாவது ஏதாச்சும் தெரியுதான்னு நாப்பது வருஷம் பாத்தேன். ஒண்ணும் தெரியல."

உங்கள் அம்மா அரண்மனை வாசலுக்கு நடையாக நடந்திருக்கிறார். பதினெட்டு வயதில் உங்களுக்கு வேலை கொடுத்தார்கள். வேட்டைக் கூடம் என்றார்கள். தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். "மொத நாள் அந்த வரியில நாக்கு ஒட்டிக்கிச்சு. இப்படித் திக்கினா வேற ஆளப் போட்டுருவேன்னாரு மேனேசர். அப்புறம் பழகிருச்சு. பழகிருச்சுன்னுதான் நானும் நெனச்சேன். நேத்து அந்த யானையும் புலியும் பாத்ததும் தெரிஞ்சுது, பழகலைன்னு."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்தப் பொய்யிலதான நமக்குச் சோறு. நீ அங்கயே உக்காந்து பாடம் படிச்ச புள்ள. கைதட்டுவ வேற."

அழுதேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் முந்தின நாள் நான் மாற்றிச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் அதைத் தொடவில்லை. எனக்கு வெட்கம் வரக்கூடாது என்றுதான் தொடவில்லை என்று இப்போது புரிகிறது.

அன்றுதான் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். நீங்களாக என்னிடம் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சிட்னிக்கு வரவும் நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. "அரமணைக்கு ஒரு லெட்டர் எழுது, அம்மிணி. உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும். அந்தப் போட்டோவுக்குக் கீழ ஒரு அட்டை இருக்குதுல்ல, அதுலயும் அந்த வரி இருக்குது. அதை எடுக்கச் சொல்லு. முடிஞ்சா, சடையன்னு ஒருத்தரு அந்த வேட்டையில செத்தாருன்னு போடச் சொல்லு. ஒரு வரி போதும்."

"இந்த வாரக் கடைசியில எழுதிடறேன்ப்பா" என்றேன்.

எழுதவில்லை. புதுப் பொறுப்பு, கூட்டங்கள், மித்ராவின் பரீட்சை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது அல்ல. அதை எழுதினால் நான் யாருடைய பேத்தி என்று என் கையாலேயே எழுத வேண்டும். இரண்டு முறை கம்ப்யூட்டரைத் திறந்து மூடினேன். மூன்று வாரம் கழித்து நீங்கள் கேட்டீர்கள், "போட்டுட்டியா?" என்று. இன்னும் ஒரு மாதம் கழித்துக் கேட்டீர்கள். நான் வேலையிலிருந்து அலுத்து வந்திருந்தேன். "அப்பா, எவ்வளவு வருஷம் ஆச்சு! இப்ப அது யாருக்கு வேணும்?" என்று கத்திவிட்டேன்.

கையில் துடைக்கிற துணியோடு நின்றிருந்தீர்கள். "எனக்குத்தான்" என்றீர்கள். அப்புறம் மீன்தொட்டியைத் துடைக்கப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளியலறை வாசலில் விழுந்தீர்கள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே ஐந்தாவது மாடியில் உங்களைச் சேர்த்தார்கள். கண் விழித்துப் பார்த்தீர்கள். என்னைத் தெரிந்தது. ஆனால் "அம்மிணி" என்று சொல்ல வாயைத் திறந்தால் வேறு என்னவோ ஒலி வந்தது. தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் என்னிடம் விளக்கினாள்: தாமாக ஒரு வார்த்தையும் சொல்ல முடியாதவர்களுக்குக்கூடப் பல வருஷம் மனப்பாடமாகச் சொன்னது சில சமயம் தானாக வரும், எண்கள், பிரார்த்தனை, பாட்டு. அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் உங்கள் படுக்கையை நிமிர்த்தி, "வணக்கம், ஐயா, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண், ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். உங்கள் இடது கை மெதுவாக உங்கள் முதுகுப் பக்கம் போகப் பார்த்தது. பிறகு ஆரம்பித்தீர்கள். தடங்கல் இல்லாமல், ஒரு சொல் குழறாமல், கூடத்தில் கேட்ட அதே குரலில் வந்தது. மகாராஜா, இருநூறு பேர், பறை, ஒரே குண்டு. அந்தப் பெண் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினாள். எனக்குக் கடைசி வரி வருகிறது என்று தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்தது. உங்கள் கண் என்மேல் நிலைத்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினீர்கள், வேண்டாம் வேண்டாம் என்பதுபோல. ஆனால் வாய் நிற்கவில்லை.

"நாட் எ சிங்கிள் மேன் வாஸ் லாஸ்ட், சார்."

சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வழிய அப்படியே கிடந்தீர்கள். "அற்புதம்!" என்றாள் அந்தப் பெண். அவள்மேல் தப்பே இல்லை. நான் உங்கள் காதருகே குனிந்து, "பொய்ப்பா, அது பொய்ப்பா, எனக்குத் தெரியும்ப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை. ஆறாம் நாள் காலையில் போய்விட்டீர்கள். நீங்கள் இந்த உலகத்தில் கடைசியாகப் பேசியது அந்த வாக்கியம்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அரை மணி நேர வேலையைத்தான் நான் ஐந்து மாதம் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

வேலைக்குத் திரும்பிய அன்றே, தேநீர் நேரத்தில் எல்லோரும் இருந்தபோது, அன்றைக்கு நீங்கள் உண்மையில் என்ன சொன்னீர்கள் என்று சொன்னேன். நான் என்ன மாற்றினேன் என்பதையும் சொன்னேன். ஹெலன் கோப்பையைக் கீழே வைத்தாள். "நாங்கள் புலிக்காக வருத்தப்பட்டபோது அவர் தலையை ஆட்டினாரே" என்றாள். "ஆமாம்" என்றேன். யோகா அக்கா எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தார். "இப்பவாவது சொன்னீரே" என்றார். அதற்கு மேல் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல முயலவில்லை. சொல்லாததே நல்லது.

அருங்காட்சியகத்திலிருந்து பதில் வரச் சில மாதங்கள் ஆயின. மரியாதையான கடிதம். புலி வேட்டையைப் பெருமையாகக் காட்டுவது இந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு ஒப்பவில்லையாம், குழந்தைகள் அழுகிறார்களாம். அதனால் வேட்டைக் கூடத்தையே மூடி, புலிகளையும் புகைப்படங்களையும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம். மூடிய தேதியைப் போட்டிருந்தார்கள். நீங்கள் இறப்பதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால். நீங்கள் கேட்ட வாரமே நான் எழுதியிருந்தால், அப்போது அந்தப் படம் இன்னும் சுவரில்தான் இருந்திருக்கும். கீழே ஒரு வரி ஏறியிருக்கலாம்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் இன்னொன்று இருந்தது. அந்த வேட்டையில் யாரும் இறந்ததாகத் தங்களிடம் ஆவணம் எதுவும் இல்லை என்றும், கூடத்தில் பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்த விளக்கத்திலும் ஒரு ஆளுக்கும் சேதமில்லை என்றே இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். உங்கள் அப்பாவின் சாவுக்கு எதிரான சாட்சியாக உங்கள் வாயையே காட்டியிருந்தார்கள், அப்பா. 

இந்த ஜனவரியில் மித்ராவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கூடத்தில் இப்போது புதுப் பெயின்ட், குளிர்சாதனம். நடுவில் ஃபைபரில் செய்த ஒரு புலி. பொத்தானை அழுத்தினால் உறுமுகிறது. அதன் முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒரு பலகையில், இந்த மலைகளில் வேட்டையாடிக் கொல்லப்பட்ட புலிகளின் நினைவாக என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. நல்ல காரியம்தான். புலிகளும் பாவம்தான், அதை நான் மறுக்கவில்லை. மித்ரா இங்கிலீஷில் முழுவதும் படித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்போ பீப்பிள்?" என்று கேட்டாள். 

கயல்விழி என்று ஒரு இளம் அதிகாரி, என் கடிதத்தைப் படித்தவர், கிடங்கைத் திறந்து காட்டினார். படம் பிளாஸ்டிக் தாள் போர்த்திச் சுவரில் சாய்ந்திருந்தது. நான் மண்டியிட்டு அதில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தாத்தா அதில் இருக்க முடியாது என்று தெரிந்தும் தேடினேன். யானையின் காலுக்குப் பின்னால் தலையில் துணி கட்டிய நாலைந்து பேர் தரையில் குந்தியிருக்கிறார்கள். அதில் ஒருவர் கேமராவைப் பார்க்கவில்லை, தலையைக் கவிழ்த்திருக்கிறார். நாற்பது வருஷம் பார்த்தும் உங்கள் கண்ணுக்கு அவர் படவில்லையா? துப்பாக்கிக்காரர்களின் முகத்தையே தேடிக்கொண்டிருந்துவிட்டீர்களா?

"படம் இனிமே வெளியில வருமான்னு என்னால சொல்ல முடியாது, மேடம்" என்றார் கயல்விழி. "அட்டையை மாத்தவும் எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா குடும்பத்தார் எழுதிக் குடுக்கற வாக்குமூலத்தை இந்தப் படத்தோட ஃபைல்ல சேத்துடலாம். யாராவது எப்பவாவது இந்தப் படத்தை எடுத்தா, அதையும் படிச்சாகணும்." ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

கிடங்கு வாசலில், ஒரு மரப்பெட்டிமேல் வைத்து நிரப்பினேன். இறந்தவர் பெயர்: சடையன். எப்படி இறந்தார்: மகாராஜாவின் வேட்டையில், குண்டடிபட்ட புலியைக் கிளப்பப் புதருக்குள் அனுப்பப்பட்டு, அந்தப் புலியால். யார் சொன்னது: அவருடைய மகன், இந்தக் கூடத்தில் நாற்பது வருஷம் வேலை செய்தவர், இப்போது இல்லை. எழுதிக் கொடுப்பவருக்கு என்ன உறவு: பேத்தி. அந்தச் சொல்லை என் கையாலேயே எழுதினேன், அப்பா.

அடுத்த கட்டத்தில் இறந்தவர் வயது என்று இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலையில் எதிரில் உட்கார்ந்திருந்தீர்களே, நான் அதைக் கேட்கவில்லை. அவர் உயரமா, குள்ளமா, பாடுவாரா, கோபக்காரரா, உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாரா, எதையும் கேட்கவில்லை. அப்புறமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். இப்போது கேட்க ஆள் இல்லை. அவரைத் தெரிந்த கடைசி மனிதர் நீங்கள்தான். அந்தக் காலைக்குப் பிறகும் உங்களோடு பல மாதம் ஒரே கூரைக்குள் இருந்தேன்.

நான் என்னோடு எடுத்துக்கொண்டு திரும்பியது அந்த வெற்றுக் கட்டத்தைத்தான். வேலைக்குப் போகும் பஸ்ஸில், மருந்துச் சீட்டுகளில் மற்றவர்களின் வயதைச் சரிபார்க்கும்போது, திடீரென்று நினைவு வருகிறது. உங்களுக்கு ஐந்து வயது என்றால் அவருக்கு முப்பது இருக்குமா? இருபத்தைந்தா? என்னைவிட எவ்வளவோ சின்னவர்.  அன்று கயல்விழி, "தெரியலைன்னா விட்டுடுங்க, மேடம்" என்றார். விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அவருக்கு என்ன வயது, அப்பா?